சுண்ணாம்புக் கரண்டகத்தின் மூடியில் கையால் நுண்ணெழுத்துச் செதுக்குவது பற்றி

கேள்வி: உப்புவெளிப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் காலமான என் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து எனக்கென்று கிடைத்தது அவருடைய பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்றுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை வடிவம். மூடியின் உச்சியில் ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழின் தலை அவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, இன்று ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமுள்ள தட்டை வட்டமாக இருக்கிறது.

வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, அதன் முதுகில் சுண்ணாம்பைத் தடவும்போது, அம்மம்மா தான் பெற்ற ஏழு பிள்ளைகளின் பெயர்களையும் மூத்தவரிலிருந்து கடைசிவரை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அவர்களில் இருவர் இப்போது இல்லை. மற்ற ஐவரும் நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். அந்த ஏழு பெயர்களையும், அம்மம்மாவின் பெயரையும், எங்கள் ஊரின் பெயரையும் சேர்த்து, ஒன்பது வரிகளில் ஏறத்தாழ 45 எழுத்துகளை அந்த 4 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் பொறித்து வைக்க விரும்புகிறேன். பெரிதாக எழுத வேறு இடம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாய்க்குள் சொன்னதை ஊருக்குக் கேட்கும்படி எழுதி வைக்க எனக்கு மனமில்லை. அங்கே எழுத்து இருக்கிறது என்று அறிந்து தேடுபவருக்கு மட்டும் அது கிடைத்தால் போதும்.

முதலில் நகரத்தில் லேசர் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனேன். கரண்டகத்தைக் கொடுக்கப் பயந்து, ஒரு பித்தளைத் துண்டில் அரை மில்லிமீற்றர் உயரத்தில் ‘திருகோணமலை’ என்பதையும் இன்னொரு பெயரையும் மட்டும் பொறித்துத் தரச் சொன்னேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது ‘ண’வின் மூன்று சுழிகளும் ஒன்றாக உருகிக் கருகிய பொட்டாக இருந்தன. மற்றப் பெயரில் மெய்யெழுத்தின் புள்ளியையே காணவில்லை. கணினியில் உள்ள எழுத்தைத்தான் சுருக்க முடியும், புள்ளி போனால் என்ன, பெயர் விளங்கும்தானே என்றார்கள். எனக்கு அந்த மறுமொழி ஏற்கவில்லை.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த கிரஹாம் ஷோர்ட் என்ற கலைஞர் குண்டூசித் தலையில் ஒரு முழுச் செபத்தைக் கையாலேயே செதுக்கியிருக்கிறார் என்றும், 2016ஆம் ஆண்டில் ஐந்து பவுண் பெறுமதியுள்ள நாணயத்தாள்கள் நான்கில் எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் மிகச் சிறிய உருவத்தைப் பொறித்துப் புழக்கத்தில் விட்டார் என்றும் வாசித்தேன். நள்ளிரவுக்குப் பின், வீதியில் வாகனங்கள் ஓய்ந்த நேரத்தில், நெஞ்சில் இதய ஒலிகாட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் மட்டும் உளியை நகர்த்துவாராம். எனக்குத் தையலும் கோலமும் தவிர வேறு கைவேலை தெரியாது. என்னைப் போன்ற ஒருவர் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எந்தக் கருவியிலிருந்து தொடங்க வேண்டும்? தமிழ் எழுத்துகளுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

மறுமொழி 1: பட்டறைக்காரன்

வணக்கம் தங்கச்சி. முப்பத்தொரு வருடங்களாக நகை வேலை செய்கிறேன். என் தகப்பனாரும் பத்தர்தான். கணையாழியின் உட்புறத்தில் பெயர் வெட்டுவது எங்கள் பட்டறையில் அன்றாட வேலை. ஆனால் நீங்கள் கேட்கும் அளவுக்கு நான் போனதில்லை. அரை மில்லிமீற்றருக்குக் கீழே சில தடவைகள் முயன்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவியைவிட அதுதான் உங்களை ஏமாற்றப் போகிறது. 4 மில்லிமீற்றரில் ஒன்பது வரிகள் என்றால், வரிக்கு வரி இடைவெளி போக, ஓர் எழுத்தின் உயரம் 0.3 மில்லிமீற்றர்தான் வரும். அப்படியானால் கோட்டின் அகலம் 0.03 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. செங்கோண முனையுள்ள உளியால் அந்த அகலத்துக்கு வெட்டினால், ஆழம் அதில் பாதிதான், அதாவது 0.015 மில்லிமீற்றர். குமிழ்தான் அந்தப் பொருளில் அதிகமாகக் கை படும் இடம். உங்கள் வீட்டில் யாராவது பொங்கலுக்கு முன் பழப்புளியும் சாம்பலும் போட்டு நாலு தரம் தேய்த்தாலே அந்த எழுத்து மங்கத் தொடங்கும். நம் ஊரின் உப்புக் காற்றில் பித்தளை கறுக்காமல் இருக்காது. கறுத்தால் யாராவது தேய்க்காமலும் இருக்க மாட்டார்கள். ஆகவே மூடியின் உட்புறத்து நடுவைப் பாருங்கள். அங்கே விரல் படாது.

இனிக் கருவி. செதுக்குளி என்பது விரலளவு நீளமுள்ள கடினமான உருக்குக் கம்பி. பின்னால் காளான் வடிவில் ஒரு மரப்பிடி. பிடியின் குமிழ் உள்ளங்கையின் நடுவில் அமர வேண்டும். உளியின் முனை கட்டைவிரல் நுனிக்கு மிகச் சிறிதே வெளியில் நீள வேண்டும். தள்ளுவது உள்ளங்கை, கட்டைவிரல் வேலைப்பொருளின்மேல் ஊன்றிக்கொண்டு தடுக்கும். பேனாவைப் போலப் பிடித்து எழுதப் பார்ப்பவர்கள் கோடு வெட்டுவதில்லை; உலோகத்தைக் கீறி இரு பக்கமும் பிசிறைத்தான் தள்ளுகிறார்கள். பிசிறு பெரிய எழுத்தில் தெரியாது. உங்கள் அளவில் கோட்டைவிடப் பிசிறு பெரிதாக இருக்கும்.

உளியின் முகத்தை 45 பாகையில் தீட்டி, முனையின் அடிப்பக்கத்தில் 15 பாகையளவில் ஒரு சிறு சரிவு தீட்ட வேண்டும்; அதைத்தான் குதி என்போம். சாணைக்கல்லில் தீட்டியதோடு நிறுத்தாமல், வைரப் பசை பூசிய தட்டில் முகம் கண்ணாடிபோல் மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். உளியில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அதே கீறல் எழுத்தின் சுவரில் அப்படியே பதியும். சரியாகத் தீட்டிய முனை பித்தளைக்குள் போகும்போது சத்தமே வராது. முனைக்கு முன்னால் ஒரு மெல்லிய பொன்னிறச் சுருள் எழுந்து, தலைமயிரைவிட மெலிதாக, தானாகவே சுருண்டு விழும். சுருள் விழாமல் பொடி விழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தீட்டுங்கள். தொடக்கத்தில் வெட்டும் நேரத்தைவிடத் தீட்டும் நேரம் அதிகமாக இருக்கும். அதற்காக மனம் சலிக்க வேண்டாம்.

நான் இளைஞனாக இருந்தபோது, ஒரு கல்யாணக் கணையாழியில் கடைசி எழுத்தை வெட்டுகையில் உளி வழுக்கி, முதல் எழுத்துவரை ஒரே கோடாக ஓடிவிட்டது. உளி மழுங்கியிருந்தது தெரிந்தும், ஒரே ஓர் எழுத்துத்தானே என்று தொடர்ந்தேன். மழுங்கிய உளிக்குக் கூடுதல் பலம் கொடுக்கிறோம். பலம் கொடுத்த கைதான் வழுக்குகிறது. அன்றிரவு அப்பா என்னைக் கோபிக்கவில்லை. அந்த உளியை என் முன்னாலேயே இரண்டு மணி நேரம் தீட்டிக் காட்டினார்.

வேலைப்பொருளை அரக்கில் பதித்து, அந்த அரக்குக் கட்டையை மணல் நிரப்பிய தோற்பையின்மேல் வையுங்கள். தமிழுக்கு இது மிகவும் முக்கியம். நம்முடைய எழுத்தெல்லாம் வளைவும் சுழியும். உளி நேராகத்தான் போக விரும்பும். அதை வளைக்கப் பார்த்தால் குதி கோட்டின் ஓரத்தைக் கிழித்துவிடும். ஆகவே வலது கை உளியை அசையாமல் வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ள, இடது கை கட்டையை அதன் முன்னால் சுழற்ற வேண்டும். சுழியைப் போடுவது இடது கைதான். அதைத் தனியாகப் பழக்குங்கள்.

‘திருகோணமலை’ வாய்க்கு ஆறு எழுத்து. ஆனால் ‘கோ’வில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளும், ‘லை’யில் இரண்டும் இருப்பதால், உளிக்கு அது ஒன்பது உருவங்கள். உங்கள் 45 எழுத்துகளையும் இப்படிப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வரியின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் தொடங்கி, அது கைக்கு வந்த பிறகு ஒன்று, பிறகு அரை என்று இறங்குங்கள். தட்டையான பித்தளைத் தகடு மலிவு. ஆறு மாதங்களுக்குக் கரண்டகத்தைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: பழைய கரண்டகங்கள் வார்ப்பு வேலையாக இருந்தால், மேற்பரப்புக்குக் கீழே ஊசித்துளை போன்ற குழிகள் இருக்கும். உளியின் முனை அதில் விழுந்தால் ஒடிந்துவிடும். வெட்டப் போகும் இடத்தை முன்கூட்டியே மினுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: வில்லை

பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். கைவேலை பற்றி அண்ணர் எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நல்ல பார்வையுள்ள ஒருவர் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு கோடுகளைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். உங்கள் ‘ண’வின் சுழிகளுக்கு நடுவே அதைவிடக் குறைந்த இடைவெளியே இருக்கப் போவதால், வெறுங்கண்ணுக்கு அது ஒரு மினுக்கமாக மட்டுமே தெரியும். எழுத்தின்மேல் ஒரு திரையும் தேவையில்லை. அளவே திரையாக இருக்கும்.

கடைகளில் ‘10 மடங்கு’ என்று விற்கப்படும் கைவில்லையை வாங்கி ஏமாற வேண்டாம். 10 மடங்கு பெருக்கும் வில்லையின் குவியத்தூரம் 25 மில்லிமீற்றர்தான். பொருள் அந்த நெருக்கத்தில் இருந்தால் உளி நுழைய இடம் எங்கே? பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்க்கும் கூட்டு நுணுக்குக்காட்டியும் இதற்கு உதவாது. அதில் பொருளுக்கும் வில்லைக்கும் இடையே மிகக் குறைந்த இடமே உண்டு. விம்பமும் தலைகீழாகத் தெரியும், கை வலப்பக்கம் போனால் கண் இடப்பக்கம் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது இரு கண்களாலும் பார்க்கும் முப்பரிமாண நுணுக்குக்காட்டி. அதன் கீழ் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும். அரை மடங்கு துணைவில்லை பொருத்தினால் பெருக்கம் பாதியாகக் குறையும், இடைவெளி ஏறத்தாழ இருமடங்காகும். புதிதாக வாங்குவது செலவு அதிகம். கைத்தொலைபேசி திருத்துபவர்கள் பயன்படுத்திய பழைய கருவிகள் சில நேரங்களில் விற்பனைக்கு வரும்.

40 மடங்கில் பார்த்தால், வழக்கமான கண்வில்லையில் 5 மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டம் தெரியும்; உங்கள் 4 மில்லிமீற்றர் அதற்குள் அடங்கிவிடும். 0.3 மில்லிமீற்றர் எழுத்து உங்கள் கண்ணுக்கு 12 மில்லிமீற்றர் உயரமாகத் தெரியும். ஆனால் கையின் 0.05 மில்லிமீற்றர் நடுக்கமும் அதே கணக்கில் 2 மில்லிமீற்றராகத் தெரியும். முதல் நாளில் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுத் தனக்கு ஏதோ நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. நோயில்லை. எல்லாருடைய கையும் ஒரு விநாடிக்கு 8 முதல் 12 தடவைகள் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. தூக்கம் குறைந்தாலும், கடுந்தேநீர், கோப்பி குடித்தாலும், வேலைக்கு முன் தண்ணீர் வாளி தூக்கினாலும் அது கூடும். ஆகவே 20 மடங்கில் தொடங்குங்கள்.

இதயத் துடிப்பைப் பற்றி: நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் இரு துடிப்புகளுக்கு இடையே 0.86 விநாடிதான் உண்டு. கிரஹாம் ஷோர்ட் நீந்தி நீந்தித் தன் துடிப்பைக் குறைத்து அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டவர். உங்கள் அளவுக்கு அத்தனை கடுமை தேவையில்லை. கட்டைவிரலை வேலைப்பொருளின்மேல் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி தள்ளினால் போதும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை இதற்காக யாரும் சொன்னார்கள் என்று வாங்கி விழுங்கிவிடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் அவை ஆபத்தானவை.

வெளிச்சத்தை நேர் மேலிருந்து விடாமல் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விடுங்கள். நம் பிரெட்ரிக் கோட்டை வாசற் கல்லில் உள்ள இரட்டைக் கயலை உச்சி வெயிலில் பார்ப்பதற்கும் சாய்ந்த வெயிலில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கண்டிருப்பீர்கள். கல்லுக்கும் பித்தளைக்கும் அது ஒன்றுதான். கோட்டைக் காட்டுவது நிழல்.

மறுமொழி 3: மூதூரான்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்தக் குமிழை நீங்கள் ஏன் வெட்ட வேண்டும்? அம்மம்மாவின் கட்டைவிரல் எத்தனையோ வருடங்களாகத் தேய்த்து உண்டாக்கிய தட்டை அது. அவர் எழுதி வைத்த எழுத்து ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதன்மேல் இன்னோர் எழுத்து வெட்டினால், எவ்வளவு அழகாக வெட்டினாலும், முதலாவது அழிந்துவிடும்.

மறுமொழி 4: ஏட்டுச்சுவடி

மூதூரான் அவர்கள் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். லேசர் கடையில் புள்ளியை விடச் சொன்னதைப் பற்றி மட்டும் சிறிது எழுத வேண்டும், ஏனெனில் அதற்கு நம்மிடம் ஒரு பழைய வரலாறு உண்டு.

பனையோலையில் எழுதிய நம் முன்னோரும் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடவில்லை. எழுத்தாணியின் கூர்முனையை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலையில் ஓட்டை விழும். நேர்கோடு நாரின் போக்கிலே போனால் ஓலை கிழியும் என்பதும் நம் எழுத்துகள் வளைந்து உருண்டதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் புள்ளியை விட்டது ஓலையைக் காப்பாற்றுவதற்காக; வாசிப்பவர் இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்வார் என்று நம்பினார்கள். செய்யுளில் அது நடக்கும். ஒரு மனிதரின் பெயரில் நடக்காது. பித்தளையில் புள்ளி இட்டால் எதுவும் கிழியப் போவதில்லை. ஆகவே புள்ளியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். உளியால் வெட்டாமல், கூரான ஊசிமுனையை நிமிர்த்தி வைத்து ஒரு சிறு தட்டுத் தட்டினால் புள்ளி வட்டமாக விழும். கடைசியில், எல்லாக் கோடுகளும் முடிந்த பிறகு, புள்ளிகளை மட்டும் ஒரே இருப்பில் இட்டுவிடலாம்.

பட்டறைக்கார ஐயா இடது கையைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஏடு எழுதுபவர்களும் ஓலையை மேசையில் வைத்து எழுதவில்லை. இடது கையில் ஓலையைப் பிடித்து, இடது கட்டைவிரலை எழுத்தாணிக்கு அணைகொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதினார்கள். எழுதி முடித்த ஏட்டில் எழுத்துத் தெரியாது. வெறும் கீறல்தான் இருக்கும். கரியும் எண்ணெயும் போன்ற மையைத் தடவித் துடைத்தால்தான் எழுத்துக் கறுத்து எழும். உங்கள் நுண்ணெழுத்துக்கும் அப்படி ஒரு நிரப்பல் தேவைப்படும். அதற்குப் பித்தளையைப் பாதிக்காத ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

மீண்டும் உப்புவெளிப் பேத்தி

அனைவருக்கும் நன்றி. மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன். வெறுங்கையோடு வந்து நன்றி சொல்ல விருப்பமில்லாததால்தான் இவ்வளவு நாள் எடுத்தேன்.

மூதூரான் ஐயாவின் மறுமொழியை வாசித்த அன்றிரவு குமிழை விரலால் தடவிப் பார்த்தேன். அது முழுத் தட்டையும் இல்லை. ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கிறது. அம்மம்மா வலது கையால் வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு இடது கட்டைவிரலால்தான் மூடியைத் தள்ளுவார் என்பது அந்தச் சரிவைத் தடவியபோதுதான் நினைவுக்கு வந்தது. குமிழை இனித் தொடப் போவதில்லை. பெயர்கள் மூடியின் உட்புறத்துக்குப் போகின்றன.

பழைய நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தது. வீடு பிரதான வீதியோரம் இருப்பதால், லொறிகள் போகும்போது பார்வைக்குள் இருக்கும் எல்லாமே அதிர்கின்றன. ஆகவே இரவு பதினொரு மணிக்குப் பிறகு, காற்றாடியை நிறுத்திவிட்டு, சீமெந்துத் தரையில் ஊன்றிய மேசையில் வேலை செய்கிறேன். வியர்வைக்குத் துவாய் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. முதல் ஐந்து வாரங்கள் தீட்டுவதிலேயே போயின. நேற்று ஒரு தகட்டில் 1 மில்லிமீற்றர் உயரத்தில் ‘ண’ வெட்டினேன். முதற்சுழி நன்றாக வந்தது. இரண்டாவதில் கட்டையை அதிகம் திருப்பிவிட்டதால் கோடு தன்னையே வெட்டிக்கொண்டது. மூன்றாவது சுழியில் பொன்னிறச் சுருள் அறுபடாமல் முழுவட்டமாக எழுந்து வந்தது. அதைச் சாமணத்தால் எடுத்து ஒரு சிறு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

நிரப்புவதற்கு மை எதுவும் பூசப் போவதில்லை. தகட்டில் வெட்டிய எழுத்துகளின்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பையே விரலால் தேய்த்துத் துடைத்துப் பார்த்தேன். கோடுகளுக்குள் தங்கிய சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. அந்த மூடிக்குள் இருக்க வேண்டியதும் அதுதானே.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மூடியின் உட்புறம் குழிவாக இருக்கிறது. மாதிரிக்கு ஒரு பழைய பித்தளைக் கரண்டியின் குழியில் வெட்டிப் பார்த்தபோது, உளியின் அடிப்பாகம் விளிம்பில் இடித்து முனை மேலே எழும்பிவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி: பட்டறைக்காரன்

குழிவில் நேரான உளி அப்படித்தான் இடிக்கும் தங்கச்சி. குதியை 15 பாகையிலிருந்து 25 பாகைக்கு உயர்த்தித் தீட்டுங்கள், அதன் நீளத்தையும் மிகக் குட்டையாக வையுங்கள். அப்போது கை சற்று உயர்ந்து நிற்கும், அடி விளிம்பில் படாது. அதுவும் போதாவிட்டால் முனைப்பக்கம் மேல்நோக்கி வளைந்த உளி வேண்டும். என்னிடம் அப்பாவின் வளைந்த உளி ஒன்று சும்மா கிடக்கிறது. மூடியைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள், அந்தக் குழியிலேயே உங்கள் கையில் கொடுத்து வெட்ட வைத்துப் பார்ப்போம்.